பன்னிரண்டாம் வரி

பத்திரிகையின் கடைசிப் பக்கம்.
சீமெந்து விளம்பரத்துக்கு ஒரு விரல் மேலே நாங்கள்.
ஆடியது பதினொன்று, வென்றது ஒன்று,
சமன் மூன்று, தோல்வி ஏழு.
புள்ளி ஐந்து.
வாவிக்கரை யூனியனை
'வாவிக்கறை' என்று அச்சடித்திருந்தார்கள்.

நான் செயலாளர்.
நீர்ப்பாசனக் கந்தோரில் குளத்து மட்டம் எழுதுகிற கை
ஞாயிறுகளில் கோல் எழுதியது.
எந்த இலக்கமும் தானாக வற்றாது,
எங்கோ ஒருவன் துருசு திறக்கிறான்
என்பது எனக்குத் தொழிலாலே தெரியும்.

பத்து ஆட்டம் வெளியூர்.
இரவு ரயிலில் போய்
மருதானைக் குழாயில் முகம் கழுவி
நேரே மைதானம்.
தடுப்புக்கு நிற்கிற பார்த்தலட் மட்டும்
வெலிக்கந்தை தாண்டமுதல் நித்திரையாகிவிடுவான்.
கொல்லுப்பட்டறைத் தோள்;
அதில் மூன்று பேர் சாய்ந்து வருவார்கள்.
கண்டியில் கிடைத்த ஒரே வெற்றி கூட
மழையில் வழுக்கி
அவர்கள் ஆள் அவர்கள் கோலுக்குள்ளே தள்ளியது.
அதைக் கணக்கில் சேர்த்தார்கள்.

ஊரில் ஒன்றே ஒன்று.

கோலுக்குக் கட்ட வலையில்லை.
நாவலடிச் சாமித்தம்பி தன் வலையைத் தந்தார்,
"பொழுது படமுதல் கழட்டித் தந்திரணும் மனே,
ராவைக்கு இறங்கணும்."
கம்பத்தில் கட்டியபோது
காய்ந்த நண்டுக்கால் ஒன்று உதிர்ந்தது.

கொழும்பு அணியின் பஸ்
புணானைச் சோதனையில் நின்றது.
ஒவ்வொரு பூட்ஸையும் கவிழ்த்துத் தட்டினார்களாம்.
மூன்றரை மணி ஆட்டம்
நாலே முக்காலுக்குத் தொடங்கியது.

அறுபத்து மூன்றாம் நிமிடம், கோர்னர்.
ஏறாவூர் ஆதம்லெவ்வை
(அரிசி ஆலையில் மூட்டை இறக்கிய கழுத்து)
தலையால் கொடுத்தான்.
மற்ற வலைகள் பந்தைத் திருப்பித் தரும்.
இது தரவில்லை.
சுருட்டிக்கொண்டது.
அவர்களுடைய கோலி
கண்ணிகளுக்குள் விரல் விட்டு
அதை எடுக்கப் பட்ட பாட்டில்
மதிலில் இருந்த சனம் கீழே விழுந்து சிரித்தது.

எழுபத்தொன்று.
மத்தியஸ்தர் வானத்தைப் பார்த்தார்,
மணிக்கூட்டைப் பார்த்தார்.
ஆறரைக்கு ஊரடங்கு.
விசில் மூன்று முறை.
'கைவிடப்பட்டது' என்று நான் எழுதி முடிக்கமுதல்
சாமித்தம்பி கோல் கம்பத்தில் ஏறி
முடிச்சவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

மறுகா, கொழும்பிலிருந்து கடிதம்.
மீளாட்டம் குருநாகலில், செவ்வாய்க்கிழமை.
அந்தக் கிழமை பாதை பூட்டு.
திறந்திருந்தாலும்
உண்டியலில் முந்நூற்று நாற்பது ரூபா.
நாங்கள் போகவில்லை.
ஓடாத கால்களுக்கு எதிராக மூன்று கோல் பதிந்தார்கள்.
ஒன்றுக்குப் பூச்சியம்
பூச்சியத்துக்கு மூன்று ஆயிற்று.

பதினோராம் அணிக்கு ஆறு புள்ளி.
எங்களுக்கு ஏழு இருந்திருக்கும்.
சரி.

ஆதம்லெவ்வையின் பெயருக்கு நேரே
அந்தப் பருவம் முழுக்கப் பூச்சியம்.
சந்தையில் கண்டால்
மீன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கேட்பான்:
"சேக்ரட்டரி, அதப் பதிஞ்சீங்களா?"
ஓம் என்பேன்.

பொய்யில்லை.
ஆட்டத்துக்கு அடுத்த நாள் சாமித்தம்பி
கந்தோர் வாசலில் வந்து நின்றார்.
வலதுபக்க மூலையில்
நாலு கண்ணி அறுந்து போச்சாம்.
இறாலெல்லாம் அதுக்குள்ளால போயிற்றாம்.

கழகக் கணக்குப் புத்தகம்,
பக்கம் நாற்பத்தொன்று:
நைலோன் நூல், ஒரு கட்டை.
ஏழு ரூபா ஐம்பது சதம்.